கூட என்று ஓர் ஆப்ஷன்

வேண்டாம் சாருக்கு வாயில் வருகிற முதல் சொல்லே வேண்டாம்தான். டீ வேணுமா என்று கேட்டால்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் கையை நீட்டுவார். "தேடு" என்ற நிரலை எழுதியவர் அவர். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், கம்ப்யூட்டரின் மூலை முடுக்கெல்லாம் துழாவி, கேட்ட ஃபைலைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மௌஸைத் தொடுகிற சோலியே கிடையாது. இலவசமாகத்தான் ஊருக்குக் கொடுத்திருந்தார். எங்கெங்கோ இருந்து யார் யாரோ பயன்படுத்தினார்கள்.

பயன்படுத்துகிறவர்கள் சும்மா இருப்பார்களா? இதற்கு ஓர் ஆப்ஷன் வைக்கக் கூடாதா, அதற்கு ஓர் ஆப்ஷன் சேர்க்கக் கூடாதா என்று கோரிக்கைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான். அந்தப் பக்கத்தில்தான் அவருக்கு இந்தப் பெயரே விழுந்தது. ஆப்ஷன் என்பது வீட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி, உள்ளே விட்டுவிட்டால் கிளம்பவே கிளம்பாது என்பது அவர் கட்சி. அதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

அப்பேர்ப்பட்ட மனுஷரோடு குடித்தனம் நடத்துகிறவளைத்தான் நாடக வட்டாரத்தில் சத்தக்கா என்பார்கள். நாடகங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவள் தொழில். மேடையில் மழை பெய்ய வேண்டுமா, பக்கத்து வீட்டில் பாத்திரம் உருள வேண்டுமா, அவளைத்தான் கூப்பிடுவார்கள். படுக்கையறை அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதையே ஒலிப்பதிவு அறையாக்கி வைத்திருந்தாள். கையடக்க ரெக்கார்டர் ஒன்று எப்போதும் பையில் கிடக்கும். லிஃப்ட் கதவு, குழாய்ச் சொட்டு, முன்பின் தெரியாதவர்களின் தும்மல், எதையும் விட்டுவைக்க மாட்டாள். காது என்றால் அப்படியொரு காது. ஆனால் பிடித்த சத்தத்துக்குப் பெயர் வைக்கிற இடத்தில் மட்டும் மகராசி கோட்டை விட்டுவிடுவாள். "அப்பாடா", "இது இல்ல", "இதுவும் இல்ல", "பசிக்குது", "அப்புறம் பாக்கலாம்" என்றுதான் அவளுடைய ஃபைல்களுக்குப் பெயர்.

"ஒழுங்கா ஒரு பேர் வெச்சா என்னவாம்?" என்று வேண்டாம் சார் தலையில் அடித்துக்கொள்வார்.

"எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே, அப்புறம் பேர் எதுக்கு?" என்பாள் அவள்.

ஞாபகம் இருப்பது என்னவோ உண்மைதான். நீ பச்சைச் சட்டை போட்டிருந்த அன்னைக்கு, மாடிவீட்டுக்காரங்க சோபாவ தரதரன்னு இழுத்தாங்களே, அப்பப் பிடிச்ச சத்தம் என்று சொல்லுவாள். பச்சைச் சட்டையும் சோபாவும் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அங்கேதான் வந்தது வினை.

இத்தனை காலம் சின்னச் சின்னக் கூடங்களிலேயே வேலை பார்த்தவளுக்கு, இந்த முறை பெரிய அரங்கத்தில் ஒரு நாடகம் கிடைத்திருந்தது. வாசல் பலகையில் பெயர் போடுவார்கள். அந்த அரங்கத்துக்காக அவள் ஏங்கின ஏக்கம் வீட்டுச் சுவருக்கெல்லாம் தெரியும். நாடகத்தின் இயக்குநருக்கு "இன்னொருதரம்" என்று பட்டப்பெயர். எதைச் செய்து காட்டினாலும் இன்னொருதரம் என்பார். நாடகத்தில், சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போன மகளுக்காக ஓர் அப்பா காத்திருக்கிறார். கடைசிக் காட்சியில் விளக்கெல்லாம் அணைந்துவிடும். இருட்டில் கதவுச் சாவியின் சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும்.

முதல் வாரத்தில் அவள் தன்னிடமிருந்த சத்தங்களைக் குவியலாகப் போட்டுக் காட்டியபோது, நடுவில் ஒரு சாவிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார் மனுஷர். அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒத்திகையெல்லாம் முற்றிய பிறகு பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஒரு சாவி போட்டியேம்மா. உள்ள போயி, நின்னு, யோசிச்சு, அப்புறம் திரும்புச்சே. அதுதான் என் நாடகத்தோட கடைசி வசனம். அதக் கொண்டா."

எங்கே போய்த் தேடுவாள்? ரெக்கார்டரில் இருந்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு எப்போதோ அழித்தாகிவிட்டது. "இது இல்ல" என்ற பெயரில் இருந்தவற்றை மட்டும் கேட்டுப் பார்ப்பதற்குள்ளேயே காது கொதித்துவிட்டது. சரி, புதிதாகச் செய்துவிடலாம் என்று வீட்டுக் கதவில் சாவியை விட்டு விட்டு எடுத்தாள். வேண்டாம் சாரையும் வெளியே நிற்க வைத்துத் திறக்கச் சொன்னாள். அவர் தீயணைப்புக்காரர் மாதிரி தடாலென்று திறந்தார். மெதுவாக என்றால், திருடன் மாதிரி திறந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது சாவி இல்லம்மா. சாவி மாதிரி நடிக்குது. வெள்ளிக்கிழமை முழு ஒத்திகை. அதுக்குள்ள அந்தச் சாவி வரலேன்னா, சத்தத்துக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதே."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி எடுத்துக்கொள்வதாம்? வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்த நாளைப் பற்றி அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவிருந்தது. அன்றைக்குத்தான் சமையலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் வெள்ளமானது. உடைந்த குழாயை ஃபோனில் படம் எடுத்திருந்தாள். அந்தப் படம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது.

சாப்பாட்டு மேசைதான் வேண்டாம் சாரின் அலுவலகம். எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, உன் தேடுவுல ஒரு ஆப்ஷன் வேணும்."

"வேண்டாம்."

"என்னன்னு கேட்டுட்டாவது சொல்லேன்."

"சரி, என்ன?"

"ஒரு ஃபைலக் காட்டி, இதுகூடப் பொறந்ததெல்லாம் எது எதுன்னு கேட்டா எடுத்துக் குடுக்கணும். குழாய் உடைஞ்ச படம் இருக்கில்ல, அந்தச் சாவியும் அதே நாள்தான் பிடிச்சேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தது அவள் கண்ணுக்கே தெரிந்தது. யோசனை நல்லது என்று பட்டதும் அவருக்கு இன்னும் பயம் வந்துவிட்டது.

"பொண்டாட்டி கேட்டான்னு சேத்தா அது சலுகை ஆயிடும்மா. நாளைக்கு நாலு பேர் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவாங்க. எல்லாரையும் மாதிரி நீயும் பொதுவுல கேளு."

"பொதுவுலயா? கேக்கறேன். நல்லாவே கேக்கறேன்!"

எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாய்க்காரி என்ற பெயரில் கோரிக்கையை எழுதிப் போட்டாள். போட்ட கையோடு சாப்பாட்டு மேசையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. கோபமாக இருந்தால் அவர் முற்றுப்புள்ளியை ஓங்கி அடிப்பார். ஓங்கித்தான் அடித்தார்.

"மதிப்பிற்குரிய பயனருக்கு, வணக்கம். தங்கள் ஆலோசனைக்கு நன்றி. தேடுவின் உயிர்நாடி எளிமை. ஆகவே வேண்டாம்" என்று திரையில் வந்து விழுந்தது.

தாங்களாம் தங்களாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மதிப்பிற்குரிய பராமரிப்பாளருக்கு, எளிமை எழுதியவருக்கு மட்டும் இருந்தால் போதாது. தொலைத்தவளுக்கும் இருக்க வேண்டும்" என்று பதிலுக்கு விட்டாள்.

இந்த அறையில் அவள் தட்ட, அந்த அறையில் அவர் தட்ட, சாயங்காலம் முழுக்க அமர்க்களம்தான். நடுவில் அவர் தண்ணீர் கேட்டார், அவள் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு வந்து அடுத்த கணையை எழுதினாள். வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். நாயைக் குளிப்பாட்டி எடுத்த படம் இருக்கிறது, அன்றைக்கு எழுதிய கட்டுரையைத்தான் காணோம், ஆகவே எனக்கும் அந்த ஆப்ஷன் வேண்டும் என்றார் ஒருவர். வீடுகட்டும் மேஸ்திரி ஒருவர், தூண் போட்ட படத்தை வைத்து அன்றைய அளவுகளைத் தேட உதவும் என்றார். இன்னொருவர், நீங்கள் இரண்டு பேரும் வாதாடுவதைப் பார்த்தால் கல்யாணமாகி வெகுநாளானவர்கள் போலிருக்கிறது என்று எழுதினார். அதைப் படித்ததும் இந்த அறையில் சிரிப்பும் அந்த அறையில் இருமலும் ஒரே நேரத்தில் கேட்டன.

மறுநாள் காலையில் அவள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். தேடுவின் நிரலை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருந்தார். ஒலிக்கருவிகளுக்காகச் சின்னச் சின்ன நிரல்களை எழுதிப் பழகியவள்தானே அவளும்?

"மதிப்பிற்குரிய பராமரிப்பாளருக்கு, நிரலை நகல் எடுத்துக்கொண்டு நானே சேர்த்துக்கொள்கிறேன். இனிமேல் தனிக்குடித்தனம்" என்று எழுதினாள்.

சிறிது நேரத்தில் அவருடைய அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. நூலகத்தில் வேலை பார்க்கிற அக்கா. தினமும் தேடுவை வைத்துத்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது. வீட்டில் குழாய் உடைந்த கதை தெரிந்தவர் ஆதலால், குழாய்க்காரி யார் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் படுக்கையறை வரைக்கும் கேட்டது.

"டேய் தம்பி, உன் பொண்டாட்டி தனிக்குடித்தனம் போறாளாமே?"

"ஐயோ அக்கா, அது நிரலச் சொல்றா."

"எதச் சொன்னா என்னடா? கேட்டதச் செஞ்சு குடுத்துட்டுப் போயேன். எனக்கும் அந்த ஆப்ஷன் வேணும். இந்த விஷயத்துல நான் அவ கட்சி."

ஃபோனை வைத்துவிட்டு வேண்டாம் சார் வந்து படுக்கையறை வாசலில் நின்றார். முகம் சுருங்கியிருந்தது.

"நிஜமாவே பிரிச்சுக்கிட்டுப் போயிடுவியா?"

"நிரலையா, வீட்டையா?"

"ரெண்டையும் சேத்துத்தான் கேக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுகையும் கூடவே வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தச் சாவி கிடைக்கலேன்னா எல்லாம் போச்சுப்பா. அந்த அரங்கத்துக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன்னு உனக்குத் தெரியாதா? எனக்குப் பயமா இருக்கு."

வேண்டாம் சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆப்ஷனுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்றார்.

பெயருக்கு ஒரு சண்டை நடந்தது. சமகாலம் என்று வைக்கலாம் என்றார் அவர். யாருக்குப்பா வாயில வரும், பேசாம கூடன்னு வை என்றாள் அவள். கூட என்றே வைத்தார்கள். புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் எழுதி முடித்துத் தன்னுடைய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். வாசலில் பூனை படுத்திருந்த படத்தைக் காட்டியதும், அன்றைக்கு எழுதிய இரண்டு குறிப்புகள் ஓடி வந்து நின்றன. என்னமோ தாமே கண்டுபிடித்த மாதிரி அவருக்கு ஒரே பெருமை.

"வா, இப்ப உன்னுதுல பாக்கலாம்."

அவளுடைய கம்ப்யூட்டரில் குழாய்ப் படத்தின் பெயரைக் கொடுத்து, கூட என்று தட்டி, எண்டரை அழுத்தினார். அவ்வளவுதான். இது இல்ல, இதுவும் இல்ல, பசிக்குது, அப்பாடா, அப்பாடா என்று திரை நிற்காமல் ஓடியது. அவளிடமிருந்த பழைய ஃபைல் அத்தனையும் வந்துவிட்டது.

"என்னப்பா இது, எல்லாமே கூடப் பொறந்ததா? ஒரே பிரசவமா?"

வேண்டாம் சார் திரையையே பார்த்தார். தேதி எல்லாம் ஒரே தேதி. அவளுடைய பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டபோது, நான் பாத்துக்கறேன், நீ போய்த் தூங்கு என்று சொல்லிப் புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தவர் இவர்தான். நகலெடுக்கும்போது பழைய தேதியை அப்படியே வைத்துக்கொள் என்று கட்டளையில் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. அதனால் மாற்றிய நாளே எல்லாவற்றுக்கும் பிறந்தநாள் ஆகிவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், தேடுவின் உதவிப் பக்கத்தில் முதல் வரியே அதுதான்: "நகலெடுக்கும்போது தேதிகளைக் காப்பாற்றுங்கள். காப்பாற்றாதவர்களைத் தேடுவால் காப்பாற்ற இயலாது." தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தார்.

"நீதானே மாத்தினே?" என்றாள் அவள்.

"அந்தக் கேபிள் கொஞ்சம் மோசம்" என்றார் அவர்.

"கேபிளா! ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு என் ஃபைலுக்கு மட்டும் இந்தக் கதியா? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு..." தலையணையைத் தூக்கி எறிந்தாள்.

தலையணையை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு அவர் சமையலறைக்குப் போனார். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. கழுவி வைத்திருந்ததையும் எடுத்துத் தேய்த்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு. தப்பு தன் பேரில் என்றால் பாத்திரம் தேய்ப்பார், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார், ஜன்னலைத் துடைப்பார். நீ சொன்னதுதான் சரி என்கிற ஒரு வாக்கியம் மட்டும் அந்த வாயிலிருந்து வந்ததே கிடையாது. கல்யாணமான நாளாக அவளும் காது கொடுத்துக் காத்திருக்கிறாள்.

பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்துக் கிடந்தவளுக்குத் திடீரென்று பொறி தட்டியது. வெளியே ஒட்டியிருக்கிற தேதிதானே போயிற்று? ரெக்கார்டர் ஒவ்வொரு பதிவுக்குள்ளேயும் நாளையும் நேரத்தையும் எழுதி வைக்கும். ஃபோனும் படத்துக்குள்ளே எழுதும். அதை எந்த நகலாலும் அழிக்க முடியாது. எழுந்து சமையலறைக்கு ஓடினாள்.

"ஏம்ப்பா, உள்ள எழுதியிருக்கும்! ஃபைலத் தொறந்து உள்ள இருக்கற தேதியப் பாக்கச் சொல்லு."

"தேடு எந்த ஃபைலையும் தொறந்து பாக்காதும்மா. அது ஆரம்பத்துலேருந்தே கொள்கை..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்தார். கை ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "பாக்கும்" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடியும் ஓட்டினார்கள். இந்த முறை திரை ஓடவில்லை. மூன்றே மூன்று வந்து நின்றன: "இது இல்ல", "பசிக்குது", "சரி விடு".

முதலாவதில் தண்ணீர் பீச்சியடித்தது. கூடவே அவள் போட்ட கூச்சல். பிளம்பரைக் கூப்பிடு என்று அவள் தலைபாடாக அடித்துக்கொள்ள, எனக்குத் தெரியாதா என்று இவரே குழாயைத் திருகப் போய், கையோடு வந்துவிட்ட நாள் அது. வாய்ச்சண்டை முற்றி, புதுக் குழாய் வாங்கி வருகிறேன் என்று விறைப்பாகக் கிளம்பிப் போனார். லிஃப்ட் சத்தம் பிடிக்கலாம் என்று செருப்பு அலமாரி மேல் வைத்த ரெக்கார்டரை அணைக்க அவள் மறந்துவிட்டிருந்தாள். இரண்டாவதில் லிஃப்ட் மட்டும்தான் இருந்தது.

மூன்றாவதைப் போட்டாள். லிஃப்ட் வந்தது. செருப்புச் சத்தம் நெருங்கியது. சாவி உள்ளே போனது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பியது.

"இதேதான்! இதேதாம்ப்பா!" என்று கத்திக்கொண்டே அவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கும் பல்லெல்லாம் தெரிந்தது.

ஆனால் அவள் காது சும்மா இருக்குமா? சாவி நின்ற இடத்தில் என்னவோ இருந்தது. மறுபடியும் போட்டு, ஸ்பீக்கரில் ஒலியைக் கூட்டினாள்.

"அதான் கிடைச்சிடுச்சில்ல, போதும் நிறுத்து" என்று வேண்டாம் சார் கையை நீட்டினார். அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

கதவுக்கு வெளியே அவர் குரல், கிசுகிசுப்பாக: "நீ சொன்னதுதான் சரி. ம்ஹூம். நீ சொன்னதுதாம்மா சரி. அம்மால்லாம் வேண்டாம், சாதாரணமாச் சொல்லு. நீ சொன்னதுதான் சரி. உள்ள போன உடனே சொல்லிடணும்."

சாவி திரும்பியது. கதவு திறந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று அவளுடைய குரல் கேட்டது.

"கடையில கூட்டம்" என்றது அவருடைய குரல்.

பதிவு முடிந்தது. அவள் சிரித்தாள், சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று அவளுக்கே தெரியவில்லை. கதவுக்கு வெளியே நின்று மனுஷர் இப்படி ஒத்திகை பார்த்தார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா? வேண்டாம் சாரின் காது மடலெல்லாம் சிவந்திருந்தது.

"சொல்லணும்னுதான் வந்தேன். நீ கேள்வி கேட்டு முந்திக்கிட்டே."

"இப்பக் கேக்கல. இப்பச் சொல்லேன்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு ஜன்னல் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அரங்கத்தில் கடைசிக் காட்சி வந்தது. விளக்கு அணைந்தது. இருட்டில் சாவி உள்ளே போய், நின்று, திரும்பியது. கிசுகிசுப்பை அவள் வெட்டி எடுக்கவில்லை. அந்தப் பெரிய கூடத்தில் அது யார் காதிலும் விழாது என்று அவளுக்குத் தெரியும். நடிகர்கள் எல்லாரும் இன்னொருதரம் என்ற சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அது வரவில்லை.

"அந்த இடத்துல கதவுக்கு வெளிய நிக்கிற ஆள் என்னம்மா நினைச்சிருப்பான்?" என்று இருட்டிலிருந்து இயக்குநரின் குரல் மட்டும் வந்தது.

"தெரியல சார்" என்று கூசாமல் புளுகினாள்.

"தெரிய வேண்டாம். அப்படியே இருக்கட்டும். பலகையில உன் பேரு சரியா எழுதியிருக்கான்னு போய்ப் பாத்துக்க."

போய்ப் பார்த்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை பார்த்தாள். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தால், தேடுவின் பக்கத்தில் புதிய வெளியீடு வந்திருந்தது.

"புதிய ஆப்ஷன்: கூட. ஒரு ஃபைலைக் காட்டினால் அதே வேளையில் பிறந்த மற்றவற்றை எடுத்துத் தரும். வெளித்தேதி அழிந்திருந்தால் உள்தேதியைப் பார்க்கும். வெளித்தேதி அழிந்தது நகலெடுத்தவரின் தவறு, கேபிளின் தவறு அல்ல. இந்த ஆப்ஷனைக் கேட்டவருக்கு: நீ சொன்னதுதான் சரி."

அந்தப் பக்கத்தில் அவர் யாரையும் நீ என்று எழுதியதே இல்லை. கீழே அதற்குள் சந்தைக்கடை கூடிவிட்டது. கல்யாணம் என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று ஒருவர் குதித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் தன் சொந்தப் பெயரிலேயே வந்து, அப்பாடா என்று எழுதியிருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் மூக்கை உறிஞ்சினாள்.

லிஃப்டில் ஏறி, வாசலுக்கு வந்து, சாவியை உள்ளே விட்டாள். கை நின்றுவிட்டது. உள்ளே போய் என்ன சொல்வது? நன்றி என்பதா, கட்டிக்கொள்வதா, இல்லை, இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமா என்று ஒரு பிடி பிடிப்பதா? மெல்ல உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை. உள்ளே ஜன்னல் துடைக்கிற சத்தம் நின்றது. அவரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்ததும் சாவியைத் திருப்பினாள்.

கையில் துணியோடு எதிரே நின்றிருந்தார் வேண்டாம் சார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார்.

"கடையில கூட்டம்" என்றாள்.